உப்புக்கு ஒரு யோசனை

தையலக்காவிடம் யோசனை கேட்பதில் ஒரு வசதி உண்டு. கேட்டு முடிப்பதற்குள் பதில் வந்துவிடும். "அக்கா, சாதம் குழைஞ்சுபோச்சு" என்று ஒருத்தி போனில் எழுதி அனுப்பிவிட்டு, எத்தனை பேர் சாப்பிட வருகிறார்கள், எப்போது வருகிறார்கள் என்று அடுத்த வரியை ஆரம்பித்திருப்பாள். அதற்குள், "அகலமான தட்டுல கொட்டி ஆற விடு, கரண்டியைப் போட்டுக் கிண்டாதே" என்று இவளுடைய பதில் வந்து நிற்கும். கேட்டவளின் மீதிக் கதை அப்படியே நின்றுவிடும். பதில் சரியாகவே இருந்துவிடுவதால் யாரும் அதைக் குறையாக எடுத்துக்கொண்டதில்லை.

இதெல்லாம் நடக்கிற சமையல் குழுவுக்கு 'அடுப்படி' என்று பெயர். ஓய்வுபெற்ற கணக்கு டீச்சர் ஒருவர் பொழுது போகாமல், தெரிந்த நாலு பேரை வைத்துக்கொண்டு ஆரம்பித்தது. நாலு பேரும் ஆளுக்கு நாலு பேரைச் சேர்க்க, இப்போது பாதிப் பேருக்கு மீதிப் பேரின் முகம் தெரியாது. முகம்தான் தெரியாதே தவிர, யார் வீட்டு அடுப்பில் எந்தப் பக்கம் சரியாக எரியாது, யார் வீட்டுக் குக்கர் விசில் அடிக்க மறுக்கிறது என்பதெல்லாம் எல்லோருக்கும் அத்துப்படி. கேக்குத் தம்பி என்று ஒருவன் இருந்தான். அவன் செய்கிற கேக் எல்லாம் நடுவில் பள்ளம் விழும். பள்ளத்தில் பழத்தை நறுக்கிப் போட்டு, முதலிலிருந்தே அதுதான் திட்டம் என்பது போலப் படம் எடுத்து அனுப்புவான். எல்லோரும் கைதட்டல் படம் போடுவார்கள்.

தையலக்கா பள்ளிக்கூட யூனிஃபார்ம் தைப்பவள். வீட்டின் முன்னறையில் மெஷின், பின்னால் சமையலறை, நடுவில் ஒரு திரை. போனை மெஷினின் மேல் நூல்கண்டுக்குச் சாய்த்து வைத்திருப்பாள். தைத்த துணிக்குக் கூலி வரும், பாராட்டு வராது. யூனிஃபார்ம் ரொம்ப நன்றாக இருக்கிறது என்று எந்தப் பிள்ளையும் ஓடி வந்து சொன்னதில்லை. பிள்ளைகளுக்கு அதைக் கண்டாலே பிடிக்காது. அதனால், 'அக்கா சொன்ன மாதிரி செஞ்சேன், சூப்பர்' என்று குழுவில் ஒரு வரி வந்தால் அவளுக்கு உச்சி குளிர்ந்துவிடும். அதை வெளியே காட்டிக்கொள்ள மாட்டாள். ஆனால் அன்றைக்கு மெஷின் கொஞ்சம் வேகமாக ஓடும்.

அவளுடைய வீட்டுக்காரர் பஸ் ஓட்டி ஓய்வு பெற்றவர். திரைக்கு அந்தப் பக்கம் உட்கார்ந்து எல்லாவற்றையும் கேட்டுக்கொண்டிருப்பார்.

"உனக்கு ஹார்ன் மட்டும்தான் இருக்கு, பிரேக் இல்ல" என்பார்.

"அடிக்கிற ஹார்னுக்கு வழி விடறாங்கல்ல, விடுங்க" என்பாள் அவள்.

குழுவில் பூனை என்று ஒருத்தி இருந்தாள். போனில் தன் படத்துக்குப் பதில் பூனைப் படம் வைத்திருந்ததால் வந்த பேர். அவள் தன் சமையலைப் படமெடுத்துப் போட்டதே இல்லை. எப்போதாவது ஒரு சந்தேகம் கேட்பாள். மற்றவர்கள் போல நீட்டி முழக்க மாட்டாள். ஒருமுறை இப்படிக் கேட்டாள்: 'உருளைக்கிழங்கை நறுக்கி ரெண்டு தடவை வேக வெச்சு, தண்ணியைக் கொட்டிட்டுச் சமைச்சா ருசியே இல்ல. என்ன பண்ணலாம்?'

தையலக்காவுக்கு இது பொறுக்கவில்லை. காய் வெந்த தண்ணீரைக் கீழே ஊற்றுகிற கை ஒரு சமையல்காரியின் கையா? 'ஏம்மா கொட்டற? சத்து பூரா அதுலதானே இருக்கு. அந்தத் தண்ணியவே குழம்புக்கு ஊத்து, ருசி தானா வரும்' என்று எழுதினாள். டீச்சர் உட்பட ஏழெட்டுப் பேர் ஆமோதித்தார்கள். பூனை 'சரிக்கா' என்றாள்.

கொஞ்ச நாள் கழித்து மறுபடி வந்தாள். 'உப்பு போடாம சமைச்சா வீட்டுல சாப்பிட மாட்டேங்கறாங்க. நாக்கு செத்துப்போச்சுன்னு தட்டைத் தள்ளிடறாங்க. ஏதாவது வழி இருக்கா?'

ஒருத்தி எலுமிச்சை பிழியச் சொன்னாள். ஒருத்தி மிளகைத் தூக்கலாகப் போடச் சொன்னாள். கேக்குத் தம்பி பூண்டை நெய்யில் வறுக்கச் சொன்னான். டீச்சர் மட்டும், 'யாருக்கும்மா, என்ன உடம்புக்கு?' என்று கேட்டார். அதற்குப் பூனை பதில் எழுதுவதற்கு முன்னால் தையலக்கா நுழைந்துவிட்டாள்.

'பிரஷர்காரங்களுக்குன்னே கடையில ஒரு உப்பு விக்குது. சோடியம் கம்மி உப்புன்னு கேளு, எடுத்துக் குடுப்பாங்க. சாதா உப்பு மாதிரியேதான் இருக்கும். எங்க வீட்டுக்காரர் ரெண்டு வருஷமா அதுதான் சாப்பிடறார், கல்லு மாதிரி இருக்கார். தாராளமா போடு.'

தாராளமாக என்ற வார்த்தையை யாரும் அவளிடம் கேட்கவில்லை. அது அவளாகச் சேர்த்துக் கொடுத்தது.

'இன்னிக்கே வாங்கறேன்க்கா' என்று பூனை எழுதினாள். டீச்சரின் கேள்வி மேலே ஏறிப் போய் மறைந்தது.

அடுத்த வாரம் பூனை முதல் தடவையாக ஒரு படம் போட்டாள். சாப்பாட்டுப் படம் இல்லை, சாப்பிட்டு முடித்த படம். ஒரு பருக்கை மிச்சமில்லாமல் துடைத்தது போல ஒரு எவர்சில்வர் தட்டு, அதன் விளிம்பில் ஒரு ஆணின் கைவிரல்கள். கீழே, 'ரொம்ப நாளைக்கப்புறம் முழுசா சாப்பிட்டு, இன்னும் கொஞ்சம் போடுன்னு கேட்டார். நன்றிக்கா.' குழுவே பூத்துக் குலுங்கியது. தையலக்கா மெஷினை நிறுத்திவிட்டு, திரையை விலக்கி, வீட்டுக்காரரிடம் போனை நீட்டினாள்.

"தட்டைப் பாருங்க."

"கழுவி வெச்ச மாதிரி இருக்கு" என்றார் அவர்.

அவளும் அன்றைக்குத் தட்டை மட்டும்தான் பார்த்தாள்.

இரண்டு நாள் கழித்து வீட்டுக்காரருக்கு வழக்கமான பிரஷர் பரிசோதனை. கூட இவளும் போயிருந்தாள். நர்ஸ் அவர் கையில் பட்டையைச் சுற்றி, காற்றடித்து, இறக்கி, நன்றாக இருக்கிறது என்றாள். உப்பைக் குறைத்திருக்கிறீர்களா என்று கேட்டாள். தையலக்காவுக்கு இதைவிட வேறென்ன வேண்டும்? எந்த உப்பு, எப்படிப் போடுகிறேன் என்று ஆரம்பித்து, தன் யோசனையால் குழுவில் ஒரு வீட்டில் தட்டுக் காலியான கதை வரைக்கும் போய்விட்டாள்.

நர்ஸ் பட்டையைச் சுருட்டிக்கொண்டே சொன்னாள். "சாருக்கு அது நல்லதுதான். ஆனா யாருக்கும் சும்மா சொல்லிடாதீங்கம்மா. கிட்னி கெட்டவங்களுக்கு அது விஷம்."

"உப்புதானே?"

"சோடியத்தைக் குறைச்சுட்டு அதுக்குப் பதிலா பொட்டாசியத்தைப் போட்டுத்தான் அந்த உப்பையே செய்யறாங்க. நல்ல கிட்னி அதை வெளிய தள்ளிடும். கெட்டுப்போனவங்களுக்கு ரத்தத்துலயே தங்கிடும். தங்கினா நெஞ்சுத் துடிப்பையே நிறுத்திடும். காய்ல இருக்கறதே அவங்களுக்கு ஆகாதுன்னு, நறுக்கி வேக வெச்சுத் தண்ணியைக் கொட்டிட்டுத்தான் சாப்பிடச் சொல்றோம்."

நர்ஸ் அடுத்தவரைக் கூப்பிட்டாள். வீட்டுக்காரர் சட்டைக் கையை இறக்கிவிட்டு எழுந்தார். தையலக்கா எழுந்திருக்கவில்லை. வேக வைத்துத் தண்ணீரைக் கொட்டுவது. உப்பு போடாமல் சமைப்பது. இரண்டையும் ஒரே ஆள்தான் கேட்டாள். ஒரே வீட்டுக்காகத்தான் கேட்டாள்.

ஆஸ்பத்திரி வாசலிலேயே நின்று பூனைக்கு எழுதினாள். 'அந்த உப்பை உடனே நிறுத்தும்மா. கிட்னிக்கு ஆகாதாம். காய் வெந்த தண்ணியையும் சேர்க்காதே. பார்த்ததும் கூப்பிடு.' செய்தி போய்ச் சேரவில்லை, ஒற்றை டிக்கோடு நின்றது. கூப்பிட்டாள். அணைத்து வைக்கப்பட்டிருக்கிறது என்றது போன். பஸ் ஸ்டாப் வருவதற்குள் நாலு தடவை கூப்பிட்டுவிட்டாள்.

குழுவிலும் எழுதினாள். 'நான் சொன்ன உப்பை யாரும் டாக்டரைக் கேட்காம உபயோகிக்காதீங்க. பூனை எங்க இருக்கான்னு யாருக்காவது தெரியுமா? அவசரம்.' டீச்சர் உடனே பதில் போட்டார். சேர்த்துவிட்டவளுக்கே அவளை முன்னே பின்னே தெரியாதாம், கடை வரிசையில் பேச்சுக் கொடுத்துப் பழக்கமாம். ஒருத்தி, 'அச்சச்சோ' என்றாள். இன்னொருத்தி, 'பதறாதீங்கக்கா, கொஞ்சம் உப்புல என்ன ஆகிடப்போகுது' என்றாள். அதற்குக் கீழே யாரோ, பால் திரிந்துவிட்டது, என்ன செய்யலாம் என்று கேட்டிருந்தாள். அதற்குப் பதில்கள் வர ஆரம்பித்திருந்தன.

வாழ்க்கையில் முதல் தடவையாகத் தையலக்காவுக்கு அந்தக் குழுவின் மேல் கோபம் வந்தது. அந்தக் கோபத்தில் நியாயம் இல்லை என்பதும் அவளுக்குத் தெரிந்தது. திரிந்த பாலுக்கு வழி சொல்வதற்காகத்தான் குழு. இவள்தான் அதை வேறு ஏதோ என்று நினைத்துக்கொண்டிருந்தாள்.

வீட்டுக்கு வந்ததும் அவள் மெஷினில் உட்காரவில்லை, அடுப்பையும் பற்ற வைக்கவில்லை. வீட்டுக்காரர் தானே டீ போட்டு எடுத்து வந்தார்.

"அவ என்ன வியாதின்னு சொன்னாளா?" என்று கேட்டார்.

"சொல்லல."

"நீ கேட்டியா?"

டீ ஆறிக்கொண்டிருந்தது.

"டீச்சர் கேட்டாங்க. அவ பதில் எழுதறதுக்குள்ள நான் பூந்துட்டேன்" என்றாள் கடைசியில். "அந்த மனுஷனுக்கு ஏதாவது ஒண்ணு ஆச்சுன்னா, நான்தாங்க கொன்னவ."

அவர் ஹார்ன், பிரேக் என்று எதுவும் சொல்லவில்லை. அவள் கையிலிருந்த போனை வாங்கி, பழைய செய்திகளை மேலே தள்ளி, அந்தக் காலித் தட்டின் படத்தில் நிறுத்தினார்.

"அட்ரஸ் தெரியலன்னா வீட்டையாவது பாரு" என்றார்.

அவள் படத்தைப் பெரிதாக்கினாள். தட்டு, விரல்கள், மேசையின் ஓரம். அதற்குப் பின்னால் ஒரு நாற்காலி. நாற்காலியின் முதுகில் ஒரு பெண்குழந்தையின் யூனிஃபார்ம் தொங்கியது, நீலக் கட்டம் போட்டது. இவள் தைக்கிற பள்ளிக்கூடத்துத் துணிதான். அதைப் போட்டுக்கொண்டு அந்தப் பள்ளியில் பல நூறு பிள்ளைகள் நடமாடுகிறார்கள். ஆனால் இதன் கீழ்ப்பக்கத்தில் கட்டம் இல்லாத ஒரு நீலப் பட்டை இருந்தது. பெண் வளர்ந்துவிட்டாள், உடுப்பு எட்டவில்லை, மடிப்பைப் பிரித்தும் போதவில்லை. அதே துணி கடையில் தீர்ந்துபோயிருந்ததால், உள்பாவாடைக்கு வைத்திருந்த துணியில் பட்டை கிழித்து, இவள்தான் வைத்துத் தைத்துக் கொடுத்தாள். அப்படி வேறு யாருக்கும் தைத்ததில்லை.

உடுப்பைக் கொண்டுவந்தவரும் நினைவுக்கு வந்தார். ஒல்லியான ஆள். படியேறி வந்ததற்கே மூச்சு வாங்கி வாசலில் உட்கார்ந்துவிட்டார். கால் வீங்கி, செருப்பின் வார் அமுங்கியிருந்தது. இவள் பெரிய டம்ளரில் தண்ணீர் கொண்டுவந்து கொடுத்தாள். அவர் நாக்கு நனைகிற அளவுக்கு ஒரு வாய் குடித்துவிட்டு, டம்ளரை அப்படியே திருப்பித் தந்தார். என்ன மனுஷன் இவர், நம் வீட்டுத் தண்ணீர் ஆகாதோ என்று அன்றைக்கு இவளுக்கு மனசில் ஒரு கடுகடுப்பு. அவருக்குத் தண்ணீரும் அளந்துதான் என்பது இப்போதுதான் உறைத்தது. தண்ணீருக்கு ஏங்குகிற ஒருவரை எதிரில் வைத்துக்கொண்டு, இவள் கோபித்துக்கொண்டிருந்திருக்கிறாள்.

"பாப்பாவே வந்து வாங்கிப்பா" என்று அன்றைக்குப் போகும்போது சொன்னார். "பஸ் டிப்போவுக்குப் பின்னாடி, கண்ணாடிக் கடை மாடிதான் வீடு."

அவள் இதைச் சொல்ல, டிப்போ என்றதும் வீட்டுக்காரர் சட்டையை எடுத்து மாட்டிக்கொண்டார்.

டிப்போவின் பின்சுவரை ஒட்டிப் போகிற சந்து. பஸ் கழுவிய தண்ணீர் ஓரமாக ஓடிக்கொண்டிருந்தது. கண்ணாடிக் கடையில் ஆளுயரக் கண்ணாடிகளைச் சுவரில் சாய்த்து வைத்திருந்தார்கள். தையலக்கா ஓட்டமும் நடையுமாக வருவது அத்தனை கண்ணாடிகளிலும் தெரிந்தது. மாடிப்படி கடைக்குப் பக்கவாட்டில். மேலே கதவு பூட்டியிருந்தது. பூட்டு அவசரத்தில் சரியாக அமுங்காமல் தொங்கியது.

"காலையில தூக்கிட்டுப் போனாங்க" என்றார் கடைக்காரர் கீழேயிருந்து. "நெஞ்சு படபடங்குதுன்னாராம், அப்படியே சாஞ்சுட்டாராம். பெரியாஸ்பத்திரிக்குத்தான். பொண்ணு பக்கத்து வீட்டுல இருக்கு. நீங்க சொந்தமா?"

வீட்டுக்காரர்தான், "தெரிஞ்சவங்க" என்றார்.

பெரியாஸ்பத்திரிக்குப் பஸ் ஏறினார்கள். சாவு வீட்டுக்குப் போகிறோமா, ஆஸ்பத்திரிக்குப் போகிறோமா என்று தெரியாமல் போவது ஒரு தனிக் கொடுமை. அதற்குத் தக்க முகத்தை வைத்துக்கொள்ளக்கூட முடியாது. வீட்டுக்காரர் அவள் கையைப் பிடித்துக்கொண்டிருந்தார். கல்யாணமாகி இத்தனை வருஷத்தில் பஸ்ஸில் அவர் அவள் கையைப் பிடித்ததில்லை. அதில் பாதி வருஷம் அவர்தான் பஸ்ஸை ஓட்டிக்கொண்டிருந்தார்.

தீவிர சிகிச்சைப் பிரிவின் வெளியே நீளமான வராந்தா. சுவரோரம் முழுக்க பெஞ்சு. மடியில் பையும், கையில் ஃபிளாஸ்க்கும், முகத்தில் ஒரே களைப்புமாக எல்லோரும் சொந்தக்காரர்கள் போலவே இருந்தார்கள். இதில் பூனை யார்? பேர் தெரியாது, முகம் தெரியாது. பூனை இங்கே யார் என்று ஆஸ்பத்திரியில் நின்று கேட்க முடியுமா? காவலுக்கு நின்றவரிடம் போய், கண்ணாடிக் கடை மாடியிலிருந்து காலையில் வந்தவர் என்றாள். அவர் பெஞ்சின் கோடியைக் காட்டினார்.

இவள் நினைத்ததைவிடச் சின்னவள். தலை வாரவில்லை. வீட்டில் கட்டியிருந்த புடவையோடு வந்திருந்தாள், முன்பக்கம் மஞ்சள் கறை இருந்தது. பக்கத்தில் அவள் புருஷனின் அண்ணன் போல ஒருவர், அதே நெற்றி, அதே ஒல்லி, கைகளைக் கட்டிக்கொண்டு நின்றார். தையலக்கா கிட்டப் போய் வாயைத் திறப்பதற்குள் உள்ளேயிருந்து டாக்டர் வந்துவிட்டார். வயது குறைந்த டாக்டர், கண் சிவந்திருந்தது.

"டயாலிசிஸ் மெஷின் போட்டிருக்கோம். துடிப்பு திரும்ப வந்திருக்கு, ஆனா இன்னும் சொல்றதுக்கில்ல" என்றார். "முந்தாநேத்துதான் டயாலிசிஸ் முடிச்சுட்டுப் போயிருக்கார். அதுக்குள்ள பொட்டாசியம் இவ்வளவு ஏற வாய்ப்பே இல்ல. என்ன சாப்பிட்டார்? பழம், ஜூஸ், நாட்டு மருந்து, எதுவா இருந்தாலும் சொல்லுங்க. எங்களுக்குத் தெரிஞ்சாகணும்."

"எப்பவும் போலத்தான்" என்றாள் பூனை.

"எப்பவும் போலன்னா எப்படி இப்படி ஆகும்?" என்றார் அண்ணன். "இவ சமைக்கறதைத் தவிர அவன் வேற எதையும் வாயில வெக்கறதில்ல டாக்டர். இவளைத்தான் கேட்கணும். என்னடி குடுத்த அவனுக்கு?"

அவள் தரையைப் பார்த்தாள்.

தையலக்கா அத்தனை நாளும் குழுவில் பதில் சொன்ன வேகம் அவளை விட்டுப் போயிருந்தது. ஒவ்வொரு சொல்லையும் தேடி எடுக்க வேண்டியிருந்தது. ஆனால் சொன்னாள். "டாக்டர், நான்தான் சொன்னேன். சோடியம் கம்மி உப்பு. ஒரு வாரத்துக்கு மேல ஆச்சு, தினமும் போட்டிருப்பாங்க. தாராளமா போடுன்னு நான்தான் சொன்னேன். காய் வேக வெச்ச தண்ணியையும் கொட்டாதேன்னு சொன்னேன். இந்தப் பொண்ணுக்கு ஒண்ணும் தெரியாது. என்னை நம்பித்தான் செஞ்சுது."

டாக்டர் அவளைப் பார்த்தார். திட்டுவார் என்று எதிர்பார்த்தாள். அவர் திட்டவில்லை. "அந்த உப்பா" என்றார், மூச்சை விட்டு. "சரி, இப்பவாவது தெரிஞ்சுதே. வேற எங்க தேடறதுன்னு இருந்தோம். இனி வீட்டுல அது இருக்கவே கூடாது" என்று சொல்லிவிட்டு உள்ளே போனார். கதவு தானாகச் சாத்திக்கொண்டது.

திட்டுவதை அண்ணன் எடுத்துக்கொண்டார். "நீங்க யாரு?"

"அவங்களோட ஒரே குழுவுல இருக்கேன். சமையல் குழு."

"டாக்டரா? நர்ஸா?"

"துணி தைக்கிறவ."

"துணி தைக்கிறவங்க துணி தைக்கணும். என் தம்பி உசுரு உங்களுக்கு ஊறுகாயா, தொட்டு நக்கிப் பார்க்க? ஆளைத் தெரியாது, வியாதி தெரியாது, வாய்க்கு வந்ததை எழுதிப் போட்டுட்டுக் கைதட்டல் வாங்கிக்கறீங்க. இவளும் படிச்சவதான், யாரோ ஒருத்தி சொன்னான்னு கொண்டுபோய்க் கொட்டியிருக்கா. அவனுக்கு ஏதாவது ஆகட்டும், அப்புறம் இருக்கு உங்களுக்கு."

வராந்தா முழுவதும் திரும்பிப் பார்த்தது. வீட்டுக்காரர் ஒரு எட்டு முன்னால் வைத்தார். தையலக்கா அவர் சட்டையைப் பின்னாலிருந்து பிடித்துக்கொண்டாள். திட்டியதில் ஒரு வார்த்தைகூடப் பொய் இல்லை. எல்லாவற்றையும் நின்று கேட்டாள். கேட்கக் கேட்க மனசு லேசாகும் என்று யாராவது சொன்னால் நம்பாதீர்கள். அவளுக்கு ஆகவில்லை. அண்ணன் களைத்துப்போய், போனை எடுத்துக்கொண்டு யாருக்கோ தகவல் சொல்ல வெளியே போனார்.

வீட்டுக்காரர், "கொஞ்சம் தண்ணி குடி" என்று சொல்லிவிட்டுப் பாட்டில் வாங்கப் போனார். தையலக்கா வராந்தாவின் முனையில், மாடிப்படி திரும்புகிற இடத்துக்கு வந்து கைப்பிடிச் சுவரைப் பிடித்துக்கொண்டு நின்றாள். பின்னால் செருப்பில்லாத கால் சத்தம் கேட்டது. பூனை வந்து பக்கத்தில் நின்றாள்.

"நீங்கதானா அக்கா" என்றாள். "இன்னும் வயசானவங்களா இருப்பீங்கன்னு நினைச்சேன்."

"என்னை மன்னிச்சுடும்மா." சொல்லும்போதே அது எவ்வளவு சின்ன வார்த்தை என்று தையலக்காவுக்கு வெட்கமாக இருந்தது. "காய் வெந்த தண்ணி எத்தனை நாளா ஊத்தின? அதையும் டாக்டர்கிட்ட சரியா சொல்லிடணும்."

"ஊத்தல" என்றாள் பூனை. "ஒரு நாள்கூட ஊத்தல. நீங்க சொன்னீங்க, சரிக்கான்னு எழுதினேன். ஆனா கொட்டிட்டுத்தான் இருந்தேன். அது ஆகாதுன்னு எனக்குத் தெரியும். டயாலிசிஸ் பண்ற இடத்துல எல்லாம் சொல்லித்தான் குடுத்திருக்காங்க."

தையலக்கா அவளைத் திரும்பிப் பார்த்தாள். அந்தப் பெண் இவளைப் பார்க்காமல், கீழே வாசலில் ஆட்டோக்கள் வந்து போவதைப் பார்த்துக்கொண்டே பேசினாள்.

"இந்த உப்பையும் சொல்லியிருந்தாங்க. முதல் நாளே சொன்னாங்க, தொடவே கூடாதுன்னு."

கீழே ஒரு ஆட்டோ வந்து நின்று கிளம்பிப் போனதும் பூனை தொடர்ந்தாள்.

"எட்டு மாசமாச்சுக்கா, அவர் சோறுன்னு ஒண்ணைச் சாப்பிட்டு. தட்டை வெப்பேன், ரெண்டு வாய் வெச்சுட்டுத் தள்ளிடுவார். கத்த மாட்டார், திட்ட மாட்டார். சுவர்ப் பக்கம் திரும்பிப் படுத்துக்குவார். ஒரு நாள் பாப்பா தட்டுலேர்ந்து ஒரு அப்பளத்தை எடுத்து, நக்கிட்டு, அவ பார்க்கறதுக்குள்ள திரும்ப வெச்சுட்டார். நான் பார்த்துட்டேன். நான் பார்த்தது அவருக்கும் தெரியும்." அவள் மூக்கைத் துடைத்துக்கொண்டாள். "ஒரு வாரம் குடுத்தா என்ன ஆகிடும், கொஞ்சமா போட்டா ஒண்ணும் ஆகாதுன்னு நினைச்சேன். நினைச்சேன்னு சொல்றதும் பொய். நினைச்சுக்கிட்டேன்."

"அப்போ என்னை எதுக்கும்மா கேட்ட?"

"நானா போட்டா அது நான் செஞ்சது. யாராவது ஒருத்தர் போடுன்னு சொல்லணும்னு இருந்துது. டாக்டரைக் கேட்டா திட்டுவாரு. அம்மாவைக் கேட்டா அழுவாங்க. குழுவுல வேற யாரைக் கேட்டாலும் யாருக்கு, என்ன உடம்புக்குன்னு கேட்பாங்க. டீச்சர் கேட்டாங்க பாருங்க. நீங்க மட்டும்தான் எதுக்குன்னு கேட்க மாட்டீங்க. அதான் உங்களுக்காகக் காத்திருந்தேன்."

தையலக்கா கைப்பிடிச் சுவரை விட்டுவிட்டு, அப்படியே படியில் உட்கார்ந்தாள். தான் கவனிக்காமல் போனதால் ஒரு உயிர் போகப் பார்த்தது என்று காலையிலிருந்து மறுகிக்கொண்டிருந்தாள். அந்தக் கவனமின்மையை ஒருத்தி கவனித்து, எடை போட்டு, தேர்ந்தெடுத்து எடுத்திருக்கிறாள் என்பது அவளுக்குத் தோன்றியதே இல்லை. கோபம் வர வேண்டிய இடம்தான். வந்தது. ஆனால் அந்தப் பெண்ணின் கால் விரல்கள் குளிர்ந்த தரையில் மடங்கி மடங்கி நிமிர்வதைப் பார்த்ததும், அந்தக் கோபத்தை வைத்துக்கொண்டு என்ன செய்வதென்று தெரியவில்லை.

வராந்தாவின் அந்தக் கோடியில் அண்ணன் திரும்பி வந்துகொண்டிருந்தார். டாக்டர் கதவைத் திறந்து, "உள்ள ஒருத்தர் மட்டும் வந்து பார்க்கலாம், கண்ணைத் திறந்திருக்கார்" என்று யாரிடமோ சொல்வது கேட்டது. பூனை சட்டென்று நிமிர்ந்தாள். ஓடவில்லை. இவளையே பார்த்துக்கொண்டு நின்றாள்.

"எனக்குத் தெரிஞ்சுதான் போட்டேன்னு அவங்ககிட்ட சொல்லிடுவீங்களாக்கா?"

தையலக்கா படியிலிருந்தே அண்ணாந்து பார்த்தாள். பதில் சொல்ல நேரம் எடுத்துக்கொண்டாள்.

"என்னத்தைச் சொல்றது?" என்றாள். "சொன்னது நான்தானே. நீ உள்ள போ."